லொறி சேசியில காம்பர் பெட்டி கட்டுறது: அடிக்கடி கேக்கிற கேள்வியள்

யாழ்ப்பாணத்தில லொறிக்குப் பொடி கட்டுற பட்டறையளுக்கு முந்தி வாறது மரக்கறி லொறி, மீன் கூலர், பாண் வான், இவ்வளவுதான். இப்ப கொஞ்சக் காலமா படுக்கை, குசினி எல்லாம் வச்சு காடு கரம்பை கடற்கரை எல்லாம் கொண்டுபோற மாதிரி காம்பர் கட்டித் தாங்கோ எண்டு கன பேர் வருகினம், போனிலையும் கேக்கினம். எல்லாரும் ஒரே கேள்வியளைத்தான் கேக்கிறபடியால் ஒரு இடத்தில எழுதி விடுவம் எண்டு யோசிச்சன். நீளமாத்தான் இருக்கும், உங்களுக்குத் தேவையான இடத்தை மட்டும் வாசியுங்கோ.

என்ன லொறி வாங்கினா நல்லம்?

இஞ்ச கிடைக்கிறதுக்குள்ளதான் பாக்க வேணும். இசுசு எல்ஃப், மிட்சுபிசி கன்டர், டொயோட்டா டைனா, நிசான் அட்லஸ், மஸ்டா டைட்டன், இந்தியாப் பக்கம் எண்டா டாட்டா 407. எதிலயும் கட்டலாம். என்னட்டக் கேட்டா எல்ஃப், இல்லாட்டி கன்டர், ஏனெண்டா முல்லைத்தீவில நிண்டாலும் மொனராகலையில நிண்டாலும் அந்த ரெண்டுக்கும் சாமான் தேடி எடுக்கலாம், கைவைக்கத் தெரிஞ்ச மெக்கானிக்கும் இருப்பார். எஞ்சினும் பழைய மெக்கானிக்கல் பம்ப் உள்ளதெண்டா இன்னும் நிம்மதி, எல்ஃபின்ர 4ஜேபி1, கன்டரின்ர 4டி33 மாதிரி. கொம்பியூட்டர் டீசலை அளந்து விடுற புது கொமன் ரெயில் எஞ்சின் நல்லா இழுக்கும், டீசலும் கொஞ்சமாக் குடிக்கும், ஆனா காட்டுக்குள்ள சென்சர் ஒண்டு பழுதாகினா ஸ்கேனர் வச்சிருக்கிற ஆளைத் தேடி டவுணுக்குத்தான் வர வேணும். போர்க்காலப் பொருளாதாரத் தடை இருந்த நேரம் மொறிஸ் மைனரை மண்ணெண்ணெயில ஓட்டின ஊர் இது, எங்கட மெக்கானிக்மாருக்குக் கண்ணால பாத்துத் திருத்தக்கூடிய எஞ்சினைக் குடுத்தா எங்கையும் கிளப்பி விடுவினம்.

விலையைப் பற்றிக் கேக்காதேங்கோ. 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டிப்போட்டு 2025 பெப்ரவரியிலதான் திரும்ப விட்டவை, அந்த இடைக்காலத்தில பழைய லொறியளுக்கு ஏறின விலை ஏறினதுதான்.

டிமோ பட்டாவில கட்டலாமோ?

டிமோ பட்டா எண்டுறது டாட்டா ஏஸ், முக்கால் டன் வாகனம். ரெண்டு பேர் படுக்க ஒரு பலகை, மேல தறப்பாள் இல்லாட்டி மெல்லிசா ஒரு கூரை, ஒரு அடுப்பு, 20 லீற்றர் தண்ணிக் கான், இதோட நிப்பாட்டினா கட்டலாம், நல்லாவும் இருக்கும், ஒழுங்கைக்குள்ளயும் திரும்பும். அதுக்கு மேல நிண்டு குளிக்க வேணும், பிரிட்ஜ் வேணும் எண்டு தொடங்கினா வேற லொறி பாருங்கோ.

பழைய லொறி வாங்கேக்க எதைப் பாக்கிறது?

எஞ்சினைக் கடைசியாப் பாருங்கோ. எஞ்சினைத் திருத்தலாம், மாத்தலாம். முதல்ல கீழ படுத்து சேசியை, அதாவது லொறியின்ர அடிச்சட்டத்தை, பாருங்கோ.

மீன் லொறியாக ஓடினதெண்டா ரெண்டு தரம் யோசிக்க வேணும். மயிலிட்டி, குருநகர்ப் பக்கம் ஐசும் உப்புத்தண்ணியும் சேந்து வருசக் கணக்கா ஒழுகின லொறியில கறள் வெளிய தெரியாது, சேசியின்ர நீளச் சட்டமான சீ (C) வடிவ சனலுக்குள்ள கீழ்த்தட்டில சேறும் உப்பும் சேந்து கிடக்கும், அதைச் சுரண்டினா கீழ ஓட்டையாக் கிடக்கும். சின்னச் சுத்தியல் ஒண்டு கொண்டு போய் நீளத்துக்குத் தட்டிக்கொண்டு வாங்கோ, நல்ல இரும்பு கிண்ணெண்டு கேக்கும், உக்கினது டொக்கெண்டு கேக்கும். ஸ்பிரிங் தொங்குற கால் பூட்டியிருக்கிற இடம், குறுக்குச் சட்டம் சேர்ற இடம், கபினுக்குப் பின்னால ஒரு ரெண்டடி, இந்த மூண்டு இடத்தையும் விடவே கூடாது. மணல், கல்லு ஏத்தின லொறியெண்டா கறளை விட வெடிப்புத்தான் பிரச்சினை, அனேகமா அங்க தகடு வச்சு வெல்டிங்கில ஒட்டி மேல கறுப்புப் பெயின்ட் அடிச்சு வச்சிருப்பினம். சேசி முழுக்கப் பழசாக் கிடந்து ஒரு இடம் மட்டும் புதுப் பெயின்டில மினுங்கினா, அந்த இடத்தைத்தான் சுரண்டிப் பாக்க வேணும்.

நாலு சில்லும் இழுக்கிற லொறிதான் வேணுமோ?

ஜப்பானில இருந்து வந்த எல்ஃப், அட்லஸ், கன்டருக்குள்ள ஃபோர் வீல் இருக்குது, கிடைச்சா நல்லம், ஆனா கிடைக்கிறது அருமை, விலையும் கூட. நீங்கள் உண்மையில எங்க போகப் போறியள் எண்டதைப் பொறுத்தது. காசூரினா, சாட்டி, பூநகரிப் பக்கம், மன்னார், அங்கால அனுராதபுரம், மலைநாடு எண்டா டூ வீல் காணும். மணல்காட்டு மணலுக்குள்ள, மாரிக்குப் பிறகு வன்னிக் களியில இறங்குறதெண்டாத்தான் ஃபோர் வீல் கேக்கும். கன பேர் ஃபோர் வீலுக்குக் காசைக் குடுத்திட்டுப் பெட்டி கட்டக் காசில்லாமல் நிக்கினம். டூ வீல் லொறி, நல்ல ரயர், பாரம் குறைஞ்ச பெட்டி, ஒரு மண்வெட்டி, இதோட போற ஆள் பாரமான ஃபோர் வீலைவிடக் கனதூரம் போவார்.

பெட்டியைச் சேசியில நேரா வச்சு இறுக்கினா என்ன? எல்லா லொறியும் அப்பிடித்தானே ஓடுது?

இதுதான் முக்கியமான கேள்வி, இதை மட்டும் வடிவா வாசியுங்கோ.

லொறிச் சேசி முறுகும். அது பழுதில்லை, அப்பிடித்தான் செய்தே வச்சிருக்கிறாங்கள். ரெண்டு நீளச் சட்டமும் சீ வடிவச் சனல், இடையில குறுக்குச் சட்டம், சீ வடிவ இரும்பு வளையிறதுக்கு நல்லா நிண்டு பிடிக்கும், முறுகிறதுக்கு லேசில விட்டுக் குடுக்கும். றோட்டில போகேக்க உங்களுக்குத் தெரியாது. நம்பாட்டி ஒரு பெட்டி லொறியைக் கொண்டுவந்து ஒரு பக்க முன் சில்லை மட்டும் ஒரு அடி உயரமான கட்டு ஒண்டுக்கு மேல ஏத்தி விட்டிட்டு, பின்னால போய் நிண்டு கபினுக்கும் பெட்டிக்கும் இடையில இருக்கிற இடைவெளியைப் பாருங்கோ. கபின் ஒரு பக்கம் சரிஞ்சு நிக்கும், பெட்டி வேற பக்கம் பாத்து நிக்கும், ரெண்டின்ர மேல் மூலையும் நேர் கோட்டில இராது. அவ்வளவு முறுக்கையும் இடையில எங்கையோ ஒண்டு வாங்குது.

இப்ப நீங்கள் கட்டுற பெட்டி ஆறு பக்கமும் மூடினது. அது முறுகவே முறுகாது. முறுகிற சேசிக்கு மேல முறுகாத பெட்டியைப் பத்துப் பன்ரெண்டு இடத்தில இறுக்கினா ரெண்டில ஒண்டு கிழியத்தான் வேணும். அனேகமாக் கதவு மூலையும் யன்னல் மூலையும்தான் முதல்ல போகும், பெயின்டில மூலையில இருந்து சரிவா ஒரு மயிர்க் கோடு விழும், பிறகு அதால தண்ணி போகும், பிறகு உள்பலகை ஊதும். அது போகாட்டிச் சேசி கபினுக்குப் பின்னால வெடிக்கும். தார் றோட்டில மட்டும் ஓடுற பாண் வானுக்கு இது பெரிசா வராது, வந்தாலும் ஆரும் கவனிக்காயினம். கிடங்கு பள்ளத்துக்குள்ள இறங்கிற காம்பருக்குக் கெதியா வரும்.

தட்டிவான் எண்ட பழைய மரப் பொடி பஸ்ஸைப் பாத்த ஆக்களுக்கு விளங்கும். கொடிகாமம் பருத்தித்துறை றோட்டில அது ஓடின காலத்தில பொடி மரம், போல்ட் போட்டுப் பூட்டினது, ஒவ்வொரு பூட்டும் கொஞ்சம் கொஞ்சம் அசையும், கிறீச் கிறீச் எண்டு சத்தம் போடும், ஆனா கிழியாது. இப்ப நாங்கள் எல்லாத்தையும் ஒட்டிப் பசை வச்சு ஒரே கட்டியா ஆக்கிறம், அதால அந்த அசைவை வேற இடத்தில குடுக்க வேணும்.

அப்ப எப்பிடிப் பூட்டுறது?

பெட்டிக்குக் கீழ தனியா ஒரு துணைச் சட்டம், சப் பிரேம் எண்டு சொல்லுறது, செய்யுறது. அந்தச் சப் பிரேமைச் சேசியோட பூட்டுற விதம்தான் மூண்டு.

ஒண்டு, ஸ்பிரிங் வச்சுப் பூட்டுறது. பின்பக்கம் இறுக்கமாப் பூட்டி, முன்பக்கமும் நடுவிலும் நீளப் போல்டில ஸ்பிரிங் போட்டு விடுவம். சேசி முறுகேக்க ஸ்பிரிங் நெரிஞ்சு குடுக்கும், சேசியின்ர அந்தப் பக்கம் சப் பிரேமை விட்டுக் கொஞ்சம் விலகும், நேராகின உடன திரும்ப வந்து இருக்கும். எல்ஃப், கன்டர் மாதிரி லேசா முறுகிற சேசிக்கு இது நல்லாப் பொருந்தும், பாரமும் சட்டம் முழுக்கப் பரவி நிக்கும், எங்கட பட்டறையளிலயே செய்யலாம். நான் அனேகமா இதைத்தான் சொல்லுவன்.

ரெண்டு, மூண்டு புள்ளி. ஒரு அந்தத்தில ரெண்டு இடத்தில இறுக்கிப் பூட்டி, மற்ற அந்தத்தில நடுவில ஒரு சுழல் ஊசி. ஒரு புள்ளியில கனக்கப் பாரம் வந்து இருக்கிறபடியால் அந்தக் குறுக்குச் சட்டம் பலமாக இருக்க வேணும்.

மூண்டு, வைர வடிவில நாலு புள்ளி, முன்னுக்கு நடுவில ஒண்டு, பின்னுக்கு நடுவில ஒண்டு, ரெண்டு பக்கமும் ஒவ்வொண்டு, நாலும் சுழலும். யூனிமொக் எண்ட ஜேர்மன் லொறி மாதிரிப் பயங்கரமா முறுகிற வாகனத்துக்கு இது சரி. எங்கட சின்ன லொறிக்குத் தேவையில்லாத செலவு.

எதைச் செய்தாலும் கபினுக்கும் பெட்டிக்கும் இடையில போதிய இடைவெளி விடுங்கோ. உள்ளால போய்வர வழி வேணுமெண்டா இடையில ரப்பர்த் துருத்தி போட வேணும், தகரம் வச்சு ஒட்டிறேல்லை.

சேசியில ஓட்டை போடலாமோ? வெல்டிங் வச்சு ஒட்டலாமோ?

சனலின்ர மேல்தட்டிலும் கீழ்தட்டிலும் ஓட்டை போடவே கூடாது. பாரம் ஏறேக்க இழுபடுறதும் நெரிபடுறதும் அந்த ரெண்டு தட்டும்தான், நடுவில நிக்கிற தகட்டில அந்த இழுவை குறைவு. அதால போடத்தான் வேணுமெண்டா நிமிந்து நிக்கிற தகட்டில, நடுவுக்குக் கிட்ட. அதிலும் கொம்பனி போட்டு விட்ட ஓட்டையள் கனக்கக் கிடக்கும், அதையே பாவிக்கப் பாருங்கோ. போல்ட் 8.8 இல்லாட்டி 10.9 எண்டு தலையில அடிச்சதாப் பாத்து வாங்குங்கோ, நிறுத்து விக்கிற சும்மாப் போல்ட் வேண்டாம்.

ஒட்டுற கதையும் இதுதான். ஒட்டின இடத்தின்ர முடிவில இருந்துதான் வெடிப்புத் தொடங்கும். சப் பிரேமில எவ்வளவும் ஒட்டுங்கோ, சேசியில ஒட்டாதேங்கோ. பக்கத்தில ஒட்டேக்கயும் பற்றரி வயரைக் கழட்டி விடுங்கோ, கொம்பியூட்டர் உள்ள வாகனமெண்டா அதின்ர பிளக்கையும்.

யூ போல்ட் போடுற பழக்கம் இஞ்ச கனக்க. போடலாம், ஆனா இறுக்கேக்க சனலின்ர வாய் உள்ளுக்கு நெரியும், அதால உள்ளுக்குள்ள ஒரு மரக்கட்டை முட்டுக் குடுத்துத்தான் இறுக்க வேணும், சைலன்சர் போற பக்கமெண்டா மரத்துக்குப் பதிலா இரும்பு முட்டு. இன்னொண்டு, சப் பிரேமின்ர முன் நுனியைச் சதுரமா வெட்டி வைக்காதேங்கோ, சரிவாச் சீவி விடுங்கோ. சதுர நுனி சேசியை அந்த ஒரு இடத்திலயே குத்திக்கொண்டு இருக்கும், வெடிப்பு சரியா அங்கதான் வரும்.

பெட்டியை என்னத்தில கட்டுறது?

மூண்டு வழி இருக்கு.

எல்லாப் பட்டறையும் செய்யிறது பொக்ஸ் பார் (சதுர இரும்புக் குழாய்) சட்டம், வெளிய தகடு, உள்ள பிளைவுட், நடுவில பஞ்சு இல்லாட்டி ரெஜிபோம் எண்ட வெள்ளைப் போம். மலிவு, பழுதாகினா எந்த ஊரிலயும் திருத்தலாம். குறை என்னெண்டா இரும்புச் சட்டம் வெக்கையை நேரா உள்ளுக்குக் கடத்தும், மத்தியானத்தில உள்பலகையில கையை வச்சுப் பாத்தாச் சட்டம் எங்க போகுதெண்டு கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். ஏசி போட்டா அதே கோட்டில தண்ணி வேர்க்கும். சட்டத்துக்கும் பலகைக்கும் இடையில மெல்லிய போம் பட்டி ஒட்டினாப் பாதிப் பிரச்சினை தீரும்.

ரெண்டாவது, சட்டமே இல்லாமல் போம் பலகைக்கு ரெண்டு பக்கமும் ஃபைபர்த் தோல் போட்டுச் சான்ட்விச் மாதிரிச் செய்யிறது. பாரம் குறைவு, வெக்கை வராது, கறளும் பிடிக்காது. இதை வெளிநாட்டில இருந்து எடுக்க வேணுமெண்டு கன பேர் நினைக்கினம். ஏன்? காரைநகரில சீநோர் ஃபைபர் போட் செய்யத் தொடங்கின காலத்தில இருந்து எங்கட கரையோரத்தில ஃபைபர் வேலை தெரிஞ்ச ஆக்கள் இருக்கினம். போட் செய்யிறவைக்கு ஃபைபர்ப் பாய் விரிச்சு ரெசின் போடுறது கைவந்த வேலை, தட்டையான மேசையில பலகையாச் செய்யிறது போட்டை விட லேசு. ஒண்டு மட்டும் சொல்லி விடுங்கோ, ரெஜிபோமை பொலியெஸ்டர் ரெசின் கரைச்சுப் போடும், அதால பொலியூரிதேன் போம் பாவிக்க வேணும், இல்லாட்டி எபொக்சி.

மூண்டாவது மரச் சட்டமும் பிளைவுட்டும். நல்ல கையெண்டாப் பிழையில்லை, ஆனா ஒரு இடத்தால தண்ணி போனாலும் முடிஞ்சுது.

வெளித்தகடு அலுமினியம் போடுறதெண்டா ஒரு விசயம். அலுமினியமும் இரும்பும் நேரா முட்டிக்கொண்டு இருந்து அதில உப்புக்காத்தும் ஈரமும் பட்டா அலுமினியம் வெள்ளை மாவாக் கொட்டும். தீவுப் பக்கம், வடமராட்சிக் கரைப் பக்கம் இருக்கிற ஆக்களுக்கு இது கெதியா வரும். சட்டத்துக்குப் பெயின்ட் அடிச்சு, இடையில பசை இல்லாட்டி ரப்பர் பட்டி வச்சுத்தான் ஒட்ட வேணும். சிக்காஃப்ளெக்ஸ் 252 மாதிரி வாகனத்துக்கெண்டே வாற பசை போட்டா ரிவெட்டே கனக்கத் தேவையில்லை, ஆனா ஒரு மூண்டு மில்லிமீற்றர் தடிப்பில நிக்க வேணும், நசிச்சு மெல்லிசாக்கினா அந்தப் பசையால அசைவு குடுக்க ஏலாது. யன்னல் கரைக்குச் சாதாரண குளியலறைச் சிலிக்கன் அடிச்சிட்டு ஒழுகுது எண்டு வராதேங்கோ.

பாரம் எவ்வளவு வரும்?

பத்தடி நீளம், ஆறடி அகலம், ஆறடி உயரம் எண்டு வைப்பம். ஆறு பக்கமும் சேத்து 312 சதுர அடி, எட்டடிக்கு நாலடித் தகட்டுச் சீற் கணக்கில பத்துச் சீற். 1.2 மில்லிமீற்றர் இரும்புத் தகடு ஒரு சீற் 28 கிலோ, பத்துச் சீற் 280. அதே தடிப்பு அலுமினியம் எண்டா 100 கிலோவுக்குள்ள முடியும். 12 மில்லிமீற்றர் பிளைவுட் ஒரு சீற் 20 கிலோவுக்குக் கிட்ட, உள்ளுக்கு முழுக்க அதை அடிச்சா 200 கிலோ, 6 மில்லிமீற்றர் அடிச்சா அதில பாதி. ஒண்டரை அங்குலப் பொக்ஸ் பார் 1.6 தடிப்பில 20 அடி நீளம் ஒண்டு 11 கிலோவுக்குக் கிட்ட வரும், 25 நீளம் போட்டா 280. தண்ணி 100 லீற்றர் 100 கிலோ. நாலு பெரிய ஆக்கள் 280. கட்டில், அலுமாரி, பற்றரி, சோலார், சட்டி பானை, உடுப்பு எல்லாம் சேந்து இன்னொரு 300 லேசா வரும். அலுமினியமும் 6 மில்லிமீற்றர் பிளைவுட்டும் போட்டும் 1,200 கிலோவுக்குக் கிட்ட நிக்குது. ரெண்டு டன் லொறிக்குப் பரவாயில்லை, அதுக்கு மேல போனாக் கிடங்கில விழேக்கத் தெரியும்.

கட்டி முடிய வேபிரிட்ஜில, அதாவது லொறி நிறுக்கிற தராசில, ஏத்துங்கோ. முழுவதையும் நிறுத்திட்டு, முன் சில்லு மட்டும் ஏத்தி ஒருக்கா, பின் சில்லு மட்டும் ஒருக்கா. தண்ணி ராங்கியையும் பற்றரியையும் பின் சில்லுக்குப் பின்னால தொங்க விட்டா முன் பக்கம் தூக்கும், ஸ்டியரிங் லேசாப் போகும். பாரமானது எல்லாம் ரெண்டு அச்சுக்கும் இடையில, கீழ.

அப்பா முதிரைக் கட்டில்தான் போட வேணுமெண்டு சொல்லுறார்.

அப்பாவுக்கு வீட்டில போட்டுக் குடுங்கோ. முதிரை பிளைவுட்டை விட ஒண்டரை மடங்கு பாரம்.

உயரம் எவ்வளவு வைக்கலாம்?

உள்ளுக்கு நிமிந்து நிக்க வேணுமெண்டு எல்லாரும் கேப்பினம், ஆறடி உள் உயரம் வச்சா நிலத்தில இருந்து பத்தடிக்குக் கிட்டப் போகும். ஏ9 றோட்டில பிரச்சினையில்லை. உங்கட ஒழுங்கைக்குள்ள? வீட்டுக்குப் போற கரண்ட் வயர், அதுக்குக் கீழ தொங்கிற கேபிள் ரீவி வயர், மதிலுக்கு மேலால சரிஞ்ச மாங்கொப்பு, எல்லாம் சரியா அந்த உயரத்திலதான் நிக்கும். முதல் ஒரு தடியில பத்தடி அளந்து கட்டிக்கொண்டு வீட்டில இருந்து மெயின் றோட்டு வரைக்கும் நடந்து பாத்திட்டு உயரத்தைச் சொல்லுங்கோ. மேல் பாதியைத் தூக்கி மடக்கிற கூரையும் செய்யலாம், வேலை கூட, சோளகக் காத்தில ஆடும். கூரை முன் மூலையில ரெண்டு குழாய் வளைச்சுக் கபினுக்கு முன்னால கொண்டுவந்து விட்டாக் கொப்பு சோலாரில அடிக்காமல் வழுக்கிப் போகும்.

கரண்ட் வேலை எப்பிடி?

கன்டர், எல்ஃப் கனக்க 24 வோல்ட், ரெண்டு பற்றரி தொடரா. உள்ளுக்கு வாற பான், லைட், பம்ப் எல்லாம் 12 வோல்ட். அதால ரெண்டில ஒரு பற்றரியில இருந்து மட்டும் 12 எடுத்து விடுவினம், கன வயரிங் ஆக்கள் இதைச் செய்யினம், செய்ய விடாதேங்கோ. ஒண்டு இறங்கும், மற்றது கூடச் சார்ஜ் ஏறிக் கொதிக்கும், ரெண்டும் பழுதாப் போகும். 24ஐ 12 ஆக்கிற கொன்வேட்டர் போடுங்கோ. அதைவிட நல்லம் வீட்டுப் பக்கத்துக்குத் தனிப் பற்றரி, ஓடேக்க டீசி சார்ஜராலையும் நிக்கேக்க சோலாராலையும் ஏறுற மாதிரி.

12 வோல்ட் 200 ஆம்பியர் லித்தியம் பற்றரி ஒண்டு 2.4 யூனிட். ரெண்டு பான் விடிய விடிய ஓட அரை யூனிட் கூடத் தேவையில்லை, 12 வோல்ட் பிரிட்ஜ் எங்கட வெக்கைக்கு ஒரு நாளைக்கு அரை தொடக்கம் முக்கால் யூனிட், லைட்டும் போன் சார்ஜும் கணக்கிலயே இல்லை. வீட்டுக் கூரையில போடுற 550 வாட் பனல் ஒண்டு நல்ல வெயிலுக்கு ரெண்டு யூனிட் தரும், ஆனா ஏழரை அடி நீளம், 28 கிலோ, பத்தடிக் கூரையில ஒண்டு போட்டா மேல் யன்னலுக்கு இடம் பாக்க வேணும். பனலுக்கும் கூரைக்கும் இடையில ரெண்டு அங்குலம் விட்டாக் காத்தும் போகும், கூரைக்கு நிழலும் ஆகும். பியூஸ் பற்றரிக்குப் பக்கத்தில, வயரின்ர மற்ற நுனியில இல்லை.

ஏசி?

சின்ன இன்வேட்டர் ஏசி ஒண்டு இரவு முழுக்க ஓட அஞ்சு ஆறு யூனிட் வேணும். மேல சொன்ன பற்றரியில ரெண்டரை மடங்கு. காசிருந்தாச் செய்யலாம். இல்லாட்டி வெள்ளைக் கூரை, எதிர் எதிர் யன்னல், கூரையில காத்தை இழுத்து வெளிய விடுற பான், நல்ல நுளம்பு வலை. வைகாசியில இருந்து ஆவணி வரைக்கும் கடற்கரையில சோளகத்துக்கு யன்னலைத் திறந்து விட்டா ஏசி தேவையே வராது, பங்குனி சித்திரைதான் கொடுமை.

கனடாவில இருந்து அண்ணா வீடியோ அனுப்பியிருக்கிறார், அப்பிடியே செய்து தருவியளோ?

அதில ஹீட்டர் இருக்கும், நாலு அங்குலத் தடிப்பில சுவர் இருக்கும், யன்னல் சின்னனா இருக்கும், ஏனெண்டா அவைக்குக் குளிர். அண்ணா அனுப்பிறது காசெண்டா வாங்குங்கோ, வீடியோவை விடுங்கோ.

தண்ணி, கக்கூஸ், அடுப்பு?

எங்கட கிணத்துத் தண்ணி சுண்ணாம்பு கூடினது, கொஞ்ச நாளில பம்பிலும் சவரிலும் வெள்ளையாப் பிடிக்கும், அதால திறந்து கழுவக்கூடிய ராங்கி, வெளிய எடுக்கக்கூடிய பில்டர். ராங்கிக்குள்ள தடுப்புப் போடுங்கோ, இல்லாட்டி வளைவில தண்ணி ஒரு பக்கம் அடிக்கும். கக்கூஸ் எண்டாத் தூக்கிக்கொண்டு போய் ஊத்திற கசற் மாதிரிக் காணும்.

காஸ் கவனம். 2021 கடைசியில நாடு முழுக்கக் காஸ் அடுப்பு வெடிச்ச கதை எல்லாருக்கும் தெரியும். காஸ் காத்தை விடப் பாரம், ஒழுகினாக் கீழ போய் நிலத்தில தேங்கும், படுக்கைக்குக் கீழயும் தேங்கும். அதால சிலிண்டருக்கு வெளியால மட்டும் திறக்கிற தனி அறை, அதின்ர அடித்தட்டில மூடாத ஓட்டை. 12.5 கிலோ தேவையில்லை, 5 கிலோ கனநாளுக்குக் காணும். என்ர எண்ணத்தில பின்கதவைத் திறந்து வெளிய நிண்டு சமைக்கிற குசினிதான் எங்களுக்குச் சரி, உள்ளுக்குள்ள மீன் பொரிச்சா அந்த மணம் மெத்தையை விட்டுப் போகாது.

சீஆர் புத்தகத்தில (வாகனப் பதிவுப் புத்தகத்தில) மாத்த வேணுமோ?

ஓம். கட்ட முதல் போய்க் கேளுங்கோ, கட்டினாப் பிறகு இல்லை. மோட்டார் போக்குவரத்துச் சட்டம் 1951ஆம் ஆண்டு 14ஆம் இலக்கம், அதுக்குக் கீழதான் எல்லாம். பொடி மாறினாப் பரிசோதகர் பாத்துப் புத்தகத்தில ஏற வேணும். ஒரு படம் கீறி நீளம், அகலம், உயரம், பின்தொங்கல் எல்லாம் போட்டுக்கொண்டு போனாக் கதைக்கிறது லேசு. இன்சூரன்சுக்கும் சொல்லுங்கோ, சொல்லாமல் விட்டா அடிபட்ட நாளைக்குத்தான் பிரச்சினை தெரியும். ஓடேக்க ஆக்கள் இருக்கிறது புத்தகத்தில உள்ள சீற்றில மட்டும், பின் பெட்டியில பிள்ளையளைப் படுக்க வச்சுக்கொண்டு போறேல்லை. லைசன்சும் பாருங்கோ, மொத்த நிறை 3,500 கிலோவுக்கு மேற்பட்ட லொறியெண்டா கார் லைசன்ஸ் காணாது, சி1 வேணும்.

மணலுக்குள்ள புதைஞ்சா?

புதையிறதுக்கு முதலே ரயர்க் காத்தைக் குறையுங்கோ. றோட்டுக்கு 65 பிஎஸ்ஐ அடிச்ச ரயரை 30க்குக் கொண்டு வந்தா மணலில பரவி நிக்கும், மெதுவா ஓட வேணும், தார் றோட்டில ஏற முதல் திரும்ப அடிக்க வேணும், அதால சின்னக் கொம்பிரசர் ஒண்டு கட்டாயம். ரியூப் ரயரெண்டா அதுக்கு மேல குறைக்காதேங்கோ, ரயர் றிம்மில சுத்தி ரியூபின்ர வால் அறுந்து போகும்.

பின்னால டபுள் வீல் இருக்கிறதும் மணலில கரைச்சல்தான். முன் சில்லு போட்ட தடத்தில பின் சில்லு போகாது, புதுசா இன்னொரு தடம் வெட்ட வேணும். ரெண்டு ரயருக்கும் இடையில கல்லு மாட்டினா ரயரை வெட்டும். அகலமான ஒற்றை ரயருக்கு மாத்தலாம், ஆனா முந்தி ரெண்டு தூக்கின பாரத்தை இப்ப ஒண்டு தூக்க வேணும், ரயரின்ர பக்கத்தில போட்டிருக்கிற பார இலக்கத்தைப் பாத்து வாங்குங்கோ, றிம்முக்கும் அதே கணக்கு. புதைஞ்சிட்டா அக்சிலேற்றரை மிதிக்காமல் இறங்கிக் கிண்டி, பனை மட்டையோ தென்னோலையோ சில்லுக்குக் கீழ நீளப்பாட்டுக்கு வச்சு எடுங்கோ. விலை குடுத்து வாங்கிற பிளாஸ்டிக் பலகை நல்லம்தான், மட்டை எங்கையும் கிடக்கும்.

எங்கயும் கொண்டுபோய் நிப்பாட்டலாமோ?

ஏலாது. சுண்டிக்குளம் தேசியப் பூங்கா, வனசீவராசிகள் திணைக்களத்தின்ர அனுமதி இல்லாமல் உள்ள தங்கக் கூடாது. கடற்கரையில மீன்பிடிக்கிற ஆக்கள் வலை இழுக்கிற இடத்தில நிப்பாட்டாதேங்கோ, சங்கத்தில ஒரு சொல்லுக் கேட்டா அவையே நல்ல இடம் காட்டுவினம்.

இன்னொண்டு, இதைப் பகிடியா எடுக்காதேங்கோ. முகமாலை, கிளாலி, நாகர்கோவில் பக்கம் மிதிவெடி எடுக்கிற வேலை வருசக் கணக்கா நடக்குது. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை, மஞ்சள் நாடா, கம்பு நட்ட கோடு கண்டா ஒரு அடி கூட அங்கால வைக்கிறேல்லை. பலகை இல்லாட்டியும் சனம் பாவிக்கிற தடத்தை விட்டு இறங்காதேங்கோ, திருப்புறதுக்கு இடம் காணாட்டி வந்த தடத்திலயே பின்னால எடுங்கோ. தெரியாத இடமெண்டாப் பக்கத்து வீட்டில கேளுங்கோ, மாடு மேய்க்கிற ஆளுக்கு எல்லாம் தெரியும்.

எப்ப கட்டத் தொடங்கினா நல்லம்?

தையில, மழை விட்டாப் பிறகு. பசையும் பெயின்டும் காய வெயில் வேணும். ஐப்பசிக்கு முதல் கூரை மூடி முடிச்சிருக்க வேணும். உள்பலகை அடிக்க முதல் மோட்டர்ப் பைப்பைப் பிடிச்சு கூரை மூலை, யன்னல் கரை, கதவுக் கீழ்ப்பக்கம் எண்டு ஒவ்வொரு இடமாக் கால் மணித்தியாலம் அடியுங்கோ, ஒரு ஆள் உள்ளுக்கு ரோச்சோட நிக்க வேணும். ஒழுகின இடத்தைச் சோக்கால கீறி, காய விட்டு, அடைச்சு, திரும்ப அடிச்சுப் பாத்திட்டுத்தான் உள்பலகை. அதுக்குப் பிறகு ஒருக்கா முன் சில்லை ஒரு கட்டுக்கு மேல ஏத்தி இறக்கிட்டும் தண்ணி அடிச்சுப் பாருங்கோ, நேரா நிக்கேக்க ஒழுகாதது முறுகினாப் பிறகு ஒழுகும்.